கிராங்க் சென்சாரும் கறுப்பு டேப்பும்

பெண்டாட்டி கேட்கிற கார் சாவியை, "தர மாட்டேன்" என்று சொல்லாமலே தராமல் இருப்பது எப்படி, உங்களுக்குத் தெரியுமா? நம் துணிக்கடை சூபர்வைசருக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

"லைசென்ஸ் வாங்கு, அன்னைக்கே சாவி உன் கையில" என்று வாய்க்கொழுப்பில் சொல்லிவைத்தவர் அவர்தான். அவள் வாங்கியே விட்டாள். அதுவும் முதல் தடவையிலேயே. இன்றைக்கு அவள் தங்கை, பிறந்த குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறாள். "நானே கார்ல வந்து கூட்டிட்டுப் போறேன்டி" என்று தங்கையிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாள் இவள்.

சூபர்வைசருக்குக் கவலையெல்லாம் காரைப் பற்றித்தான். அந்தக் காரைக் குளிப்பாட்டுகிற அக்கறையில் பாதிகூட பெற்ற மகளைக் குளிப்பாட்டியபோது அவர் காட்டியதில்லை. அதில் ஒரு கீறல் விழுந்தால்?

விடிந்ததும் விடியாததுமாகப் போய் பானெட்டைத் திறந்தார். போன வருஷம் வண்டி நடுவழியில் நின்றபோது மெக்கானிக் காட்டிய சின்ன பிளக் நினைவிருந்தது. கிராங்க் சென்சார் வயரின் பிளக். "எஞ்சின் சுத்துதுன்னு இதுதான் சார் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இது வாயை மூடிட்டா பொறி வராது. வண்டி பொணம்தான்" என்று சொல்லி, மறுபடி கழன்றுவிடாமல் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டுப் போயிருந்தார் அந்த மனிதர். சூபர்வைசர் டேப்பைப் பிய்த்தார். பிளக்கை உருவினார். பானெட்டை மூடினார். சாவியை வள்ளல் மாதிரி அவளிடம் நீட்டிவிட்டுப் பல் விளக்கப் போனார்.

மறந்தது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு மெக்கானிக்குக்கு டார்ச் பிடித்தவளே அவள்தான்.

"என்னங்க, வண்டி கிளம்ப மாட்டேங்குது!"

"அடடா! இப்பப் பாத்தா இப்படி ஆகணும்?" நடிப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. "டாக்சி பிடிச்சுப் போயிடேன்மா."

"இருங்க. நீங்க உள்ள உக்காந்து ஹார்ன் அடிங்க."

தெருவே திரும்பிப் பார்த்தது.

"பாட்டரி நல்லாருக்கு. சாவியைத் திருப்புங்க. ம், சுத்துது. அப்ப ஸ்டார்ட்டரும் இல்ல. பாதி மட்டும் திருப்புங்க. பின்சீட்டுக்கு அடியில 'உய்ய்'ங்குதா?"

"உய்ய்ங்குது."

"பெட்ரோல் பம்பும் சரி. அப்ப பொறிதான் வரல. இன்னொரு தடவை முழுசாத் திருப்புங்க. எஞ்சின் சுத்துற வேகத்தைக் காட்டுற ஆர்.பி.எம். முள் அசையுதா?"

முள் செத்த பல்லி மாதிரி கிடந்தது. "இல்லியே" என்றார். சொன்ன பிறகுதான், அசையுது என்று புளுகியிருக்கலாமே எனத் தோன்றியது.

ஆனால் புளுக வாய் வரவில்லை. ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து அவள் நெருங்கி வருகிற அழகில் சொக்கிப்போயிருந்தார். கடையில் காணாமல் போகிற துணிக்கட்டைத் தேட இப்படி ஒரு ஆள் இருந்தால்! இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டா இத்தனை நாள் எனக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்?

பானெட்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. தொய்ந்துபோன குரல். "நீங்க சொன்னதுதாங்க சரி. எனக்கு ஒண்ணும் பிடிபடல. டாக்சியிலயே போறேன். உள்ள பாப்பா அழுறா பாருங்க, போய்த் தூக்குங்க."

அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு ஓரமாகக் குத்தவும் செய்தது. "விடும்மா, பெரிய பெரிய மெக்கானிக்கே திணறுற விஷயம்" என்று தேற்றிவிட்டு உள்ளே போனார். மகளுடைய ஈர ஜட்டியை மாற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் எஞ்சின் உறுமியது. இருமல் இல்லை, திக்கல் இல்லை. குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். சிரிக்கவே இல்லை.

"எப்படிம்மா?"

"அதெல்லாம் வந்து சொல்றேன். கேட்டைத் திறந்து விடுங்க. அப்படியே, உங்க முழங்கையில ஒட்டிட்டிருக்கே கறுப்பு டேப்பு, அதைக் கொஞ்சம் பிச்சுக் குடுங்க. போற வழியில பிளக் கழண்டுடக் கூடாது பாருங்க."