ஜெயித்தோம், தோற்றாள்

நீந்துகிறவர்களில் இரண்டு வகை உண்டு. தண்ணீரில் நீந்துகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பாவம், அவர்களுக்கு மூச்சு விடவே நேரமில்லை. நான் சொல்ல வந்தது பார்வையாளர் படியில் உட்கார்ந்து நீந்துகிறவர்களைப் பற்றி. எந்த நீச்சல் குளத்துக்குப் போனாலும் பார்க்கலாம்: பெற்ற பிள்ளை நாலாவது லேனில் போய்க்கொண்டிருக்கும், இங்கே இவர் தோள் இடமும் வலமுமாகச் சாயும், வாய் ஒரு பக்கமாகத் திறந்து காற்றை இழுக்கும், பந்தயம் முடிகிற வினாடியில் கை பாய்ந்துபோய் முன்வரிசைக்காரர் முதுகில் ‘சுவரைத்’ தொடும். அடி வாங்கியவர் திரும்பினால் மன்னிப்பா கேட்பார்? "டைம் என்ன சார்?" என்பார்.

நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இந்த இனத்தில் அசல் வித்து.

அவருடைய ஒரே மகளை ஒன்பது வயதில், அடிக்கடி வந்த மூச்சிரைப்புக்காகத்தான் நீச்சலில் சேர்த்தார்கள். ஆறே மாதத்தில் அவள் நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தன்னைவிடப் பெரிய பெண்களை முந்திவிட்டாள். மறுநாள் கண் பரிசோதிக்க வந்தவர்களிடமெல்லாம் கடைக்காரர் அறிவித்தார்: "ஜெயிச்சுட்டோம்!"

"யாரு சார்?"

"நாங்கதான்!"

அடுத்த போட்டியில் நாலாவதாக வந்தாள். "தோத்துட்டா," என்றார்.

அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் அவர் வீட்டு இலக்கணம் அதுவேதான். ஜெயித்தால் தன்மைப் பன்மை, தோற்றால் படர்க்கை ஒருமை. பதினாறு வயதில் தேசியப் போட்டியில் வெள்ளி "வாங்கினோம்". பத்தொன்பதில் சாதனையை "உடைச்சோம்". இடையில் ஒரு தடவை திரும்புகிற இடத்தில் சுவரைச் சரியாக உதைக்காமல் "கோட்டை விட்டுட்டா".

பயிற்சியாளர் ஒரு பொறுமைசாலிப் பெண்மணி. "சார், அவ முழங்கையை நான் பாத்துக்கறேன். நீங்க கடையைப் பாத்துக்கங்க," என்று கும்பிடாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டது? போட்டி நாளில் கடைக்குப் பூட்டு. கண்ணாடியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தவர்கள், ‘இன்று விடுமுறை’ என்ற பலகையைப் படிக்கமுடியாமல் (கண்ணாடிதான் உள்ளே இருக்கிறதே) கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இருபத்தோராம் வயதில் வந்தது பெரிய பந்தயம். வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் அணிக்கு இரண்டே பேர். மகள் மூன்றாவதாக வந்தாள். எவ்வளவு வித்தியாசம்? ஒரு நொடியில் நூறில் இரண்டு பங்கு. கண் சிமிட்டக்கூடப் போதாது.

திரும்பி வருகையில் காரை ஓட்டியபடி கடைக்காரர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "நகம்! நேத்து நகத்தை வெட்டிட்டா. அதுலதான் போச்சு."

"வெட்டச் சொன்னதே நீங்கதானே?" என்றாள் மனைவி.

பின் இருக்கையில் மகள் வலது தோளில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். எட்டு மாதமாகவே அந்தத் தோளில் வலி. அம்மாவுக்குத் தெரியும், பயிற்சியாளருக்குத் தெரியும். அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. இப்போது ஐஸைப் பார்த்தும் அவர் "வீக்கம் நாளைக்கு இறங்கிடும்" என்றார்.

இறங்கவில்லை. ஆபரேஷன், பிறகு ஒன்றரை வருட ஓய்வு, அப்புறமும் பழைய வேகம் வருமா என்று உறுதியில்லை என்றார் டாக்டர். ஒரு வாரம் யோசித்துவிட்டு மகள் கடைக்கு வந்தாள். ஆளில்லாத மத்தியான நேரம். கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, போதும்."

"என்ன போதும்?"

"போட்டி."

"அவசரப்படாதே. ஆபரேஷன் பண்ணிக்குவோம். ஒன்றரை வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்போம். அப்புறம் இறங்குவோம், பாரு..."

"கத்தி யார் தோள்லப்பா படும்?"

கடைக்காரர் கையிலிருந்த லென்ஸைப் பெட்டிக்குள் வைத்தார்.

"நீங்க ‘ஜெயிச்சோம்’னு சொல்றது எனக்குப் பிடிக்கும்பா," என்றாள் மகள். "ஆனா தோத்த அன்னிக்கெல்லாம் என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடுவீங்க. அதான் வலிக்குதுன்னு சொல்லலை."

அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததைத் துடைத்தார், வெகுநேரம். அந்தச் சமயம் பார்த்துத்தானா வழக்கமான வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற தபால்காரர், உள்ளே வர வேண்டும்? "என்ன சார், பாப்பா போட்டி என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

கடைக்காரர் மகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தோத்துட்டோம் சார்."

மகள் குனிந்துகொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தபால்காரருக்குத் தெரியவில்லை. பழுதுக்குக் கொடுத்த அவருடைய கண்ணாடி இன்னும் கடைக்குள்தான் இருந்தது.

அவள் இப்போது அதே குளத்தில், ஆழமில்லாத பக்கத்தில், தண்ணீரைக் கண்டு நடுங்கும் பெரியவர்களுக்கு மிதக்கக் கற்றுக்கொடுக்கிறாள். வகுப்பில் பதினாலு பேர். பக்கவாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற கடைசி ஆளை உங்களுக்குத் தெரியும்.

"கையை விடுங்கப்பா."

"விட்டா மூழ்கிடுவோமே!"

"நீங்க மட்டும்தாம்பா மூழ்குவீங்க. விடுங்க, நான் பிடிச்சுக்கறேன்."

விட்டார். மூன்று வினாடி மிதந்தார். டைம் என்ன என்று அவர் கேட்கவில்லை. மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திவிட்டு, "இன்னொரு தடவை" என்றார்.

அது இருக்கட்டும். உங்களை ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். ‘ஆபரேஷன் செய்துகொண்டு அந்தப் பெண் இன்னும் ரெண்டு வருஷம் முயன்று பார்த்திருக்கலாமே, நூறில் இரண்டு பங்குதானே’ என்று நடுவில் உங்கள் மனசு சொல்லிற்றா, இல்லையா? சொல்லியிருந்தால் வெட்கப்பட வேண்டாம், குளத்துப் பக்கம் வாருங்கள். பார்வையாளர் படியில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. முன்வரிசையில் யாரும் உட்காராதபடி நான் சொல்லிவைக்கிறேன்.