மாடி அறையும் பத்து ஒட்டுக்கள்ளிகளும்

பணி ஓய்வு பெற்ற நாற்பதாம் நாள் காலை, கையிலிருந்த தேநீர் ஆறுவதற்குள், மாடி அறையை எப்பாடுபட்டேனும் கைப்பற்றுவது என்று நான் உறுதி பூண்டேன்.

எங்கள் வீட்டு மாடியில் இருப்பது ஒரே அறை. மகள் வேலை கிடைத்து வெளியூர் சென்றபின் அது காலியாகக் கிடந்தது. கிழக்கே ஒரு ஜன்னல், தெற்கே ஒரு ஜன்னல். காலை ஏழு மணிக்கு உள்ளே வரும் வெயில், மாலை நான்கு வரை கிளம்பும் எண்ணமே இல்லாமல் அங்கேயே அமர்ந்திருக்கும். கள்ளிச்செடிகளுக்கு வேறு சொர்க்கம் தேவையில்லை. என்னிடமோ இருபத்துமூன்று கள்ளித் தொட்டிகள் இருந்தன. அத்தனையும் கீழே கூடத்தில், என் சாய்வு நாற்காலியைச் சுற்றி, மெய்க்காவலர்கள் போல் நின்றன.

அந்தக் கூடம் எங்களுக்குத்தான் கூடம்; தெருவுக்கு அது தையற்கடை. வாசலை ஒட்டி மனைவியின் தையல் மெஷின். அதை ஒட்டி வாடிக்கையாளர் அமரும் பெஞ்சு. பெஞ்சுக்கு எதிரே நான்.

நான் சும்மா அமர்ந்திருப்பவனல்லன். எடையளவு ஆய்வாளராக முப்பத்திரண்டு ஆண்டுகள் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரையிட்டவன். அந்த அனுபவம் வீணாகலாமா? ஒருநாள் மனைவியின் அளவுநாடாவை வாங்கி, என் இரும்பு அளவுகோலோடு பொருத்திப் பார்த்தேன். எதிர்வீட்டுச் செவிலியம்மா சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு அப்போதுதான் பெஞ்சில் அமர்ந்திருந்தார்.

"இந்த நாடா இழுபட்டிருக்கு. மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் நீளம்" என்று அறிவித்தேன்.

"அப்படின்னா என்ன சார்?"

"நாடா சொல்றதைவிட உங்க இடுப்பு நிஜத்துல கூடுதல்."

செவிலியம்மா அதன்பின் ஒரு வாரம் வரவில்லை. உண்மைக்கு எப்போதும் வாடிக்கையாளர் குறைவு. பேக்கரிக்காரர் மனைவியும் வருவதை நிறுத்திவிட்டார். அவர் அளந்து கொடுத்த துணியை நான் மறுபடி அளந்தது காரணமா, அவருடைய கைப்பை என் செடியொன்றில் மாட்டிக்கொண்டது காரணமா என்பது இன்றளவும் தெளிவாகவில்லை. வேறு தெருவுக்குக் குடிபோயிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மனைவி தைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்று காலை நான் உறுதி பூண்டு, தொண்டையைச் செருமி, பேச்சைத் தொடங்குவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"என்னங்க, மாடி ரூமை நான் எடுத்துக்கலாம்னு இருக்கேன்."

எனக்குத் தேநீர் புரையேறியது.

"எதுக்கு?"

"மெஷினை மேல ஏத்திடலாம். நல்ல வெளிச்சம். ஊசியில நூல் கோர்க்கக் கண்ணாடியைத் தேட வேண்டாம்."

"வர்றவங்க படி ஏறணுமே!"

"ஏறட்டும். நீங்க சொன்ன கூடுதல் இடுப்பு குறையட்டும்."

"அது என் செடிகளுக்குன்னு நான் நெனச்சு வச்ச ரூம்."

"செடிக்குத் தனி ரூமா? பெத்த பொண்ணுக்கே பத்து வயசுலதான் குடுத்தோம்."

"உனக்கு இதோட அருமை தெரியாது. இதோ, இந்தச் சிவப்பு உருண்டையைப் பாரு. உடம்புல பச்சையே கிடையாது. தனக்கு வேண்டிய சாப்பாட்டைத் தானே பண்ணிக்கத் தெரியாது. தனியா மண்ணுல வச்சா செத்துப் போயிடும். ஒரு பச்சைத் தண்டு மேல ஒட்டுக் கட்டி உக்கார வச்சாத்தான் பிழைக்கும். கீழ இருக்கற தண்டு உழைக்கும், மேல இது அழகா உக்காந்திருக்கும்."

அவள் என்னையும் சாய்வு நாற்காலியையும் ஒருமுறை பார்த்தாள்.

"தெரியும்ங்க. ரொம்ப வருஷமா வளர்க்கறேன்" என்றாள்.

இதற்கெல்லாம் தளர்பவனா நான்? ஒட்டுக் கட்டும் கலைக்குத் தனி அறை இன்றியமையாதது என்று கால் மணி நேரம் வாதாடினேன். முழுவதையும் அவள் பொறுமையாகக் கேட்டாள். அது எனக்கு அப்போதே சந்தேகத்தை எழுப்பியிருக்க வேண்டும்.

"சரி, ஒரு பந்தயம்" என்றாள். "பத்து ஒட்டுக் கட்டுங்க. முப்பது நாள் டைம். ஏழு பிடிச்சா ரூம் உங்களுக்கு. ஒண்ணு குறைஞ்சாலும் எனக்கு."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"நீங்க ஜெயிச்சாலும் மாறக்கூடாது" என்றாள். வென்றவன் எதற்குப் பேச்சு மாறப்போகிறான்? நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

வேர் பிடித்த பச்சைத் தண்டுகள் பத்து என்னிடம் தயாராக இருந்தன. இவற்றுக்கு முன்பு வேறொரு பத்தை அழுகக் கொடுத்திருக்கிறேன். வெட்டிய கள்ளியை ஈரம் காயாமல் மண்ணில் நட்டால் அழுகிவிடும். ஒரு வாரம் நிழலில் கிடத்தி, வெட்டுவாய் தோல் கட்டியபிறகே நட வேண்டும். அந்த ஒரு வாரம் சும்மா இருப்பதற்கு எனக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டது.

ஒட்டுக் கட்டுவதில் விதி வேறு. அங்கே வெட்டுவாய் காயவே கூடாது. பிளேடை ஸ்பிரிட்டால் துடைத்து, தண்டின் தலையைத் தட்டையாகச் சீவ வேண்டும். சிவப்பு உருண்டையின் இடுப்பில் முளைத்த குட்டி ஒன்றை எடுத்து, அதன் அடியையும் அவ்வாறே சீவ வேண்டும். இரண்டின் நடுவிலும் வெளிறிய வளையம் ஒன்று தெரியும். வளையத்தோடு வளையம் தொடும்படி, ஈரம் உலர்வதற்குள் வைத்து அழுத்தி, குட்டியின் உச்சியிலிருந்து தொட்டியின் அடிவரை ரப்பர் வளையம் மாட்டிவிட வேண்டும். அதன்பின் பத்து நாள் தொடக்கூடாது.

பத்தையும் ஒரே காலையில் கட்டி முடித்தேன். கூடத்து மேசையில் அவை கட்டுப்போட்ட நோயாளிகள் போல் வரிசையாக நின்றன. கடைசி விதியைத் தவிர அனைத்தையும் பின்பற்றினேன்.

என் நிலையை வாசகர்கள் கருணையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். தராசைத் தட்டிப் பார்க்காமல் நம்பாத கை இது. ஒட்டுப் பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று தெரியாமல் பத்து நாள் எப்படி இருக்கும்? முதல் நாள் மாலை ஒரே ஒரு குட்டியை லேசாக அசைத்தேன். அசைந்தது. மறுநாள் அதன் பக்கத்துக் குட்டியை அசைத்தேன். மூன்றாம் நாள் ஒரு குட்டி கையோடு வந்துவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, திரும்ப அதன் இடத்தில் வைத்தேன்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி, மெஷினிலிருந்து தலை நிமிராமலே.

"நாடி பாக்கறேன்."

"இருக்கா?"

"கொஞ்சம் பலவீனமா இருக்கு."

ஐந்தாம் நாளுக்குள் ஆறு குட்டிகள் கழன்று, மறுபடி உட்கார்ந்திருந்தன. மாடி அறை என் கண்ணெதிரே கைநழுவிக்கொண்டிருந்தது. அன்று பிற்பகல் உறக்கம் வரவில்லை. விரலில் ஏறியிருந்த முள் வேறு வலித்தது. எழுந்து கூடத்துக் கதவருகே வந்தவன், அப்படியே நின்றுவிட்டேன்.

என் மனைவி என் மேசை முன் அமர்ந்திருந்தாள். ஒரு குட்டியை எடுத்து, காய்ந்துபோன அடியை மெல்லியதாகச் சீவினாள். தண்டின் தலையையும் சீவினாள். வளையத்தின் மேல் வளையம் வைத்தாள். என் ரப்பரைத் தூக்கி எறிந்துவிட்டு, பாவாடை இடுப்புக்குக் கோர்க்கும் எலாஸ்டிக் துண்டால் கட்டினாள். எவ்வளவு இழுத்தால் பிடிக்கும், எவ்வளவு இழுத்தால் வெட்டும் என்பது அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. பத்து நிமிடத்தில் ஐந்து ஒட்டை முடித்து, ஆறாவதைக் கையில் எடுத்தாள்.

முதலில் இது சதி என்று எண்ணினேன். பாய்ந்து பிடிக்கவும் ஒரு காலை எடுத்து வைத்தேன். பிறகுதான் விளங்கியது. என்னைத் தோற்கடிப்பதற்கு அவள் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. அந்த வேலையை நானே திறம்படச் செய்துகொண்டிருந்தேன். அவள் என்னை வெல்ல வைக்கிறாள். தான் ஆசைப்பட்ட அறையை எனக்காக விட்டுக்கொடுக்கிறாள். அதுவும் எனக்குத் தெரியாமல்!

என் கண் கலங்கியது. அதில் முள்ளின் பங்கும் உண்டு என்பதை நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். ஓசைப்படாமல் திரும்பிப் படுத்து, அவள் அஞ்சாமல் வேலையை முடிக்கட்டும் என்று உரக்கக் குறட்டை விட்டேன்.

அன்றுமுதல் நான் ஒரு குட்டியையும் தொடவில்லை. நன்றியுணர்ச்சி செய்த வேலை அது. ரப்பர் எலாஸ்டிக் ஆனதைக் கவனித்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. பெருந்தன்மை என்றால் முழுமையாக இருக்க வேண்டும்.

மனைவி காதுபட, "எல்லாம் கைராசி!" என்று மட்டும் அவ்வப்போது சொல்லிக்கொள்வேன்.

"ஆமாங்க" என்பாள் அவள்.

முப்பதாம் நாள் தீர்ப்பு. நடுவராக எதிர்வீட்டுச் செவிலியம்மாவை அழைத்திருந்தாள். அவர் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து, ஒவ்வொரு குட்டியையும் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். ஒன்றுதான் கழன்றது. ஒன்பது, தண்டோடு பிறந்தவைபோல் நின்றன.

"ஒன்பது சார்! ரூம் உங்களுக்குத்தான்!" என்று அவர் கைதட்டினார். தன் இடுப்பளவைச் சபையில் போட்டு உடைத்தவனுக்கு அத்தனை மகிழ்ச்சியோடு கைதட்டுவது உயர்ந்த உள்ளம் என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவியின் முகம் வாடியது. தோல்வியில் வாடிய முகமாக அதை நான் முன்பின் கண்டதில்லை. ஆகவே அந்த வாட்டத்தின் தரத்தைச் சோதிக்க எனக்கு அனுபவம் போதவில்லை.

என் மனம் இளகியது.

"இந்தா, மனசு கஷ்டப்படாதே. பாதி ரூமை நீ வச்சுக்கோ. மெஷினை ஒரு ஓரமாப் போட்டுக்கலாம்."

"ஐயையோ, வேண்டாம்" என்றாள் சட்டென்று. பிறகு குரலைத் தாழ்த்தி, "பந்தயம்னா பந்தயம்ங்க. முழு ரூமும் உங்களோடதுதான்" என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. சாய்வு நாற்காலியின் ஒரு பக்கத்தை அவள் பிடிக்க, மறுபக்கத்தைச் செவிலியம்மா பிடிக்க, அது படியேறிவிட்டது. பின்னாலேயே தொட்டிகள், மணல் மூட்டை, பிளேடு, ஸ்பிரிட் புட்டி, ரேடியோ, என் இரும்பு அளவுகோல். அரை மணி நேரத்தில் கூடத்தில் நான் வாழ்ந்ததற்கான அடையாளமே இல்லை. தோற்றவர்கள் இத்தனை சுறுசுறுப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

மாடி அறையில் அமர்ந்தேன். வெயில் வழிந்தது. ஒன்பது சிவப்புத் தலைகளும் ஜன்னலோரம் ஒளிர்ந்தன. எனக்காகத் தோற்ற ஒரு பெண்மணியை வாழ்க்கைத் துணையாகப் பெற்றதை எண்ணி, ஒரு மணி நேரம் பூரித்திருந்தேன்.

அப்போது தெருவில் வண்டி ஒன்று வந்து நின்றது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் ஒரு புத்தம்புதுத் தையல் மெஷினை இறக்கி, எங்கள் வீட்டுக்குள் கொண்டு போனார்கள்.

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன். கூடத்துப் பெஞ்சில் இடமில்லை. ஐந்து பெண்மணிகள் நெருக்கிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். நடுவில், வேறு தெருவுக்குக் குடிபோனதாக நான் கருதியிருந்த பேக்கரிக்காரர் மனைவி. என்னைக் கண்டதும் ஒருவர் தம் துணிப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"இந்த மெஷின் எப்பச் சொல்லி வச்சது?" என்று மனைவியைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

"ஒரு மாசம் ஆச்சு. இன்னிக்குக் கொண்டு வரச் சொல்லியிருந்தேன்."

"ஒரு மாசமா? பந்தயம் வச்ச அன்னிக்கா?"

"அதுக்கு முந்தின நாள்."

"அப்ப, மெஷினை மாடிக்கு ஏத்தணும்னு சொன்னது?"

"நான் கேக்கலைன்னா நீங்க அந்த ரூமுக்காக இப்படி மல்லுக்கு நின்னிருப்பீங்களா? போதாக்குறைக்குப் பாதி ரூம் தர்றேன்னு வேற சொல்லி, எல்லாத்தையும் கெடுக்கப் பாத்தீங்க."

"என் ஒட்டெல்லாம் பிடிக்காமப் போயிருந்தா?"

"விட்டுடுவேனா?"

என் பெருந்தன்மையும் குறட்டையும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பெஞ்சைப் பார்த்தேன். இரண்டு மாதமாக அது எத்தனை காலியாக இருந்தது என்பது, அது நிறைந்திருக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் அதை ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை.

"நான் சொன்ன அளவுல ஏதாவது தப்பு இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. எல்லாம் ரொம்பச் சரியா இருந்துச்சு. அதான் யாரும் வரலை" என்றாள். குரலில் கோபமில்லை. என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த முள் ஒன்றை எடுத்து, ஊசிப் பெட்டிக்குள் போட்டாள்.

"இதை நேரா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"யோசிச்சிருப்பேன்."

"எங்க உக்காந்து?"

நான் பதிலுக்குச் சுட்டிக்காட்ட வேண்டிய, என் சாய்வு நாற்காலி கிடந்த இடத்தில் புது மெஷின் நின்றுகொண்டிருந்தது.