பத்திரமய்யாவின் தோட்டத்து விளக்குகள்

பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள அத்தனை மலைகளிலும் பத்திரமய்யாவைப் போல உயிருக்குப் பயந்த மனிதர் இருந்ததில்லை. அதில் விசேஷம் என்னவென்றால், அவர் பயந்ததெல்லாம் அடுத்தவர் உயிருக்குத்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவர் டிஸ்பென்சர். இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவன் குடித்து முடிக்கும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு வாசல்வரை நடக்கவிட்டுத் தள்ளாடுகிறானா என்று பார்ப்பார். "பத்திரம், படி இருக்கு. பத்திரம், ஈரமா இருக்கு" என்று அவர் குரல் தொழிலாளர் குடியிருக்கும் லயம்வரைக்கும் அவனைத் துரத்தும். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

நான் அப்போது ஆபீசில் சின்னக் கிளாக்கர். எங்கள் இரண்டு குவார்ட்டர்சுக்கும் நடுவே ஒரே சுவர். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பியூஸ், அதுவும் அவர் வீட்டு வராந்தாவில். என் துன்பங்கள் அந்தப் பியூசிலிருந்துதான் தொடங்கின.

ஒரு வருஷம் தோட்டத்துரையின் மனைவி, துரைசானி, உத்தியோகத்தர்களுக்கும் கங்காணிகளுக்கும் பூந்தோட்டப் போட்டி வைத்தார். மாலை தேநீர் முடிந்து, பொழுது மங்குகிற நேரத்தில் பார்வையிட வருவாராம். தேயிலை பேக்டரியைக் கவனிக்கும் எதிர்வீட்டு டீமேக்கர் சும்மா இருப்பாரா? ஒரே பிற்பகலில் தன் இரும்புக் கேட்டுக்கு மேல் வளைவு கட்டி, அதில் வயரைச் சுற்றி, கலர் பல்புகளைத் தொங்கவிட்டுவிட்டார்.

"என்னாங்க, நம்ம பூவையெல்லாம் இருட்டுல யாரு பார்ப்பா?" என்று பத்திரமய்யாவின் மனைவி கேட்டார்.

அவ்வளவுதான். வீட்டிலிருந்து தோட்டத்துக்குக் கரண்ட் கொண்டுபோகும் வேலை ஆரம்பமானது. முதல் காரியமாகப் பியூசைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சுவிச்ச அணைச்சா போதாதுங்களா?" என்றேன்.

"அணைச்ச சுவிச்ச யாராச்சும் தெரியாம போட்டுட்டா? பியூசு என் பையில இருந்தா எவன் போடுவான்?"

போட முடியாதுதான். ஆனால் அதே சட்டையோடு அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். மூடுபனி கவிந்த காலையில், பல்பு எரியாத அறையில் நான் சவரம் செய்துகொண்டு ஆபீசுக்குப் போவேன். ஒருநாள் பெரிய கிளாக்கர் என் முகத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இடது கன்னம் இன்னைக்கு லீவா?" என்றார்.

வீட்டிலிருந்து பாத்திவரை ஆழமாகக் கால்வாய் வெட்டினார். வயரைக் குழாய்க்குள் விட்டுப் புதைத்து, மேலே ஓடு அடுக்கினார். நாளைக்கு எவனாவது கொத்தினாலும் மண்வெட்டி முதலில் ஓட்டில்தான் படவேண்டுமாம். மண்ணை மூடி, அடையாளத்துக்கு வெள்ளைக் கல் வேறு பதித்தார். கொழுந்துக் கூடையோடு அந்த வழியாக வந்த பெண்கள் நின்று, "ஐயா, யாருங்க தவறிப்போனது?" என்று துக்கம் விசாரித்தார்கள்.

கண்ணாடி மூடிபோட்ட விளக்குகளை நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் பூவாளியால் தண்ணீர் ஊற்றினார். பிறகு கழற்றி, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று, குழந்தையின் காதுக்குள் பார்ப்பதைப்போலப் பார்த்தார். எர்த் வயருக்காக ஓர் இரும்புக் கம்பியை ஆழமாக அடித்து இறக்கினார். "கரண்டு வழி தவறிப் போச்சுன்னா மண்ணுக்குப் போக அதுக்கு ஒரு பாதை வேணும், சின்னக் கிளாக்கர். இல்லாட்டி அது நம்ம உடம்பு வழியா போயிரும்" என்றார்.

போட்டி நாள் வந்தது. பிற்பகல் முழுக்க மழை. துரைசானி குடையோடு வந்து, முதலில் டீமேக்கர் வீட்டு வாசலில் நின்றார். கலர் பல்புகள் ஜொலித்தன. இந்தப் பக்கம் பத்திரமய்யா, ரப்பர் கம்பூட்ஸ் மாட்டிக்கொண்டு கடைசிப் பரிசோதனையில் இருந்தார். தற்செயலாக எதிரே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். வளைவில் வயர் ஒட்டுப்போட்ட இடத்தில் துணிதான் சுற்றியிருந்தது. அந்தத் துணி நனைந்து, இரும்புக் கேட்டின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. துரைசானியின் கை கேட்டுக்குப் போனது.

"தொடாதீங்க!"

மலையில் எதிரொலித்தது. பத்திரமய்யா தன் டேலியாப் பாத்தியை மிதித்துக்கொண்டு, வேலியைத் தாண்டி ஓடி, கேட்டுக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"என்னா டிஸ்பென்சர், உனக்குப் பைத்தியமா?" என்று துரைசானி கத்தினார்.

"பொறாமைங்க, துரைசானி! எங்க தோட்டத்தப் பார்த்து வயிறு எரியுது இந்த மனுசனுக்கு" என்று சொல்லிக்கொண்டே டீமேக்கர் உள்ளேயிருந்து வந்து, கேட்டைத் திறக்கக் கையை நீட்டினார்.

பத்திரமய்யா பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, அதன் நுனியைக் கேட்டில் வைத்தார். கேட்டில் கரண்ட் ஓடுவதைக் காட்டி, அதன் பிடிக்குள் இருந்த சின்ன பல்பு சிவப்பாக எரிந்தது.

டீமேக்கரின் கை அந்தரத்தில் நின்றது. 

"அம்மா, உள்ள மெயின் சுவிச்ச அணைங்க! ஓடுங்க!" என்று பத்திரமய்யா டீமேக்கரின் மனைவிக்குக் குரல் கொடுத்தார். பல்புகள் அணைந்தன.

துரைசானி கேட்டிலிருந்து தள்ளிப் போய் நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். மிதிபட்ட டேலியாக்கள், ஒரு விளக்கும் எரியவில்லை.

"உன் லைட்டு எங்கே?"

பத்திரமய்யா சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "இங்க இருக்குங்க, துரைசானி."

அவர் திரும்பி வந்து, எல்லா விளக்கையும் மறுபடி ஒருமுறை சரிபார்த்துப் பியூசை மாட்டுவதற்குள் துரைசானி போய்விட்டார். கரண்டே இல்லாத பெரிய கங்காணியின் தோட்டத்துக்குப் பரிசு கிடைத்தது. அய்யாவின் மனைவி ஒருவாரம் அவரோடு பேசவில்லை. டீமேக்கர் பேசினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தன் தோட்டத்தில் வியர்க்க வியர்க்கக் கால்வாய் வெட்டினார். பத்திரமய்யா பக்கத்தில் நின்று, "இன்னும் ஆழமா, இன்னும் ஆழமா" என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

மறுவருஷம் எனக்குப் பொகவந்தலாவைப் பக்கம் மாற்றலாயிற்று. வழியனுப்ப வந்த பத்திரமய்யா பஸ்சைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு டயரையும் உதைத்துப் பார்த்தார். பஸ்சுக்குள்ளே கூச்சல். "ஐயா, நேரமாச்சு! யாரு போறாங்கன்னு இந்தச் சோதனை?" என்று டிரைவர் சலித்துக்கொண்டார்.

"நம்ம வீட்டுப் புள்ள போகுதுப்பா" என்றார் பத்திரமய்யா.

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டிரைவர் முதல் வளைவு திரும்பும்வரை, பஸ்சை மெதுவாகத்தான் ஓட்டினார்.