புள்ளியியலுக்கு ஆள் பிடித்த கதை

பத்தொன்பது வயதில் பிடிவாதம் இருக்கலாம். கூடவே கொஞ்சம் மூளையும் இருந்தால் நல்லது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் எனக்கு முதலாவது மட்டும்தான் ஏராளமாக இருந்தது.

பம்பாயில், மாதுங்காவில் குடியிருந்தோம். என் கல்லூரியில் கணிதப் பட்டத்துக்குள் புள்ளியியல் ஒரு விருப்பப் பிரிவாக, இரண்டே தாள்களோடு ஒண்டுக்குடித்தனம் செய்துகொண்டிருந்தது. அதை எடுத்தவர்கள் ஐந்து பேர். எனக்கு அந்தப் பாடத்தின் மேல் பைத்தியம். அப்பாவுக்கோ துளியும் நம்பிக்கை இல்லை.

"ரெண்டு பேப்பருக்கு எவன்டி வேலை குடுப்பான்? சர்ட்டிபிகேட்ல அந்தப் பேரே வராதே! பேசாம ஷார்ட்ஹேண்டை முடி. ஜூன்லேருந்து ஆபீஸ் போ" என்று சொல்லிவிட்டார். புள்ளியியல் தனிப் பட்டமானால் மேற்கொண்டு படிக்கலாம் என்று மட்டும் ஒப்புக்கொண்டார், அது நடக்கவே நடக்காது என்ற தைரியத்தில்.

எங்கள் பேராசிரியை மிஸ் தேஷ்பாண்டேயும் தனிப் பட்டம் கேட்டுப் பல்கலைக்கழகத்தை விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு குழு நேரில் வருவதாகச் சொன்னது. படிக்க ஆள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம்.

"ஐந்து பேரைப் பார்த்தால் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள்" என்றார் மிஸ்.

"ஆள்தானே? நான் கொண்டுவருகிறேன்" என்றேன். எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தக் கால மாதுங்காவில் மெட்ரிக் முடித்த தமிழ்ப் பிள்ளைகளை மொத்தமாகப் பிடிக்க ஒரே இடம், ஸ்டேஷன் பக்கத்து டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் இன்ஸ்டிட்யூட். (நானும் அங்கே சாயங்கால மாணவிதான், அப்பா உபயம்.) பக்கத்து மிஷின் அம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"சனிக்கிழமை எல்லாரையும் அழைச்சுண்டு காலேஜுக்கு வா. ஒண்ணும் பேச வேண்டாம். உக்காந்தா போறும்."

"டிபன் உண்டோ?"

"மசால் தோசை."

"அப்போ சலோ! தாராவிலேருந்து வரானே சுடலை, அவனையும் கூட்டிண்டு வரேன். நன்னா உக்காருவான்."

சனிக்கிழமை வகுப்பறை நிரம்பி வழிந்தது. மிஸ்ஸின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கோட்டு போட்ட குழுத் தலைவர் எழுந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்.

இன்ஸ்டிட்யூட்டில் ஊறிப்போன பழக்கம் ஒன்று உண்டு. முன்னால் ஒருவர் நின்று இங்கிலீஷில் வாயைத் திறந்தால் ஷார்ட்ஹேண்டில் பென்சில் ஓட வேண்டும். ஓடியது. அத்தனை பேருடைய பென்சிலும்.

தலைவர் பூரித்துப்போனார். தம் பேச்சை இவ்வளவு மதித்த மாணவர்களை அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. வேகத்தைக் கூட்டினார், அவர்களும் கூட்டினார்கள். பிறகு, "புள்ளியியலில் உங்களைக் கவர்ந்தது எது?" என்று கேட்டார்.

அதையும் எழுதிக்கொண்டார்கள். எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்துக்காக அவர் முகத்தையே பார்த்தார்கள்.

டிக்டேஷன் முடிந்துவிட்டதாக நினைத்த அம்பி மரியாதையாக எழுந்தான்.

"சார், ஷல் ஐ புட் யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி?"

பூமி பிளக்காதா என்று வேண்டிக்கொண்டேன், பிளக்கவில்லை. "யார் இவர்கள்?" என்றார் தலைவர். மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

எழுந்து நின்றேன்.

"நான்தான் கூட்டிவந்தேன், சார். இதில் ஐந்து பேர்தான் நிஜம். ஆனால் இவர்களுக்கு ஸ்டெனோ வேலையை விட்டால் வேறு வழி யாரும் காட்டவில்லை. அடுத்தவர் சொல்வதை எழுதவே இத்தனை அக்கறை எடுப்பவர்கள், தாங்களே கணக்குப் போட்டுச் சொல்கிற படிப்பு ஒன்று வந்தால் விடுவார்களா? நீங்கள் மறுத்தாலும் அடுத்த வருஷம் மறுபடி கேட்போம்" என்று, தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டித் தீர்த்தேன்.

திரும்பிப் பார்த்தால், பாவிகள் அதையும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தப் பெண் பேசியதை டைப் அடித்து எனக்கு அனுப்பு" என்று அம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார். அது குழுவின் அறிக்கையோடு போனதாக மிஸ் பிற்பாடு சொன்னார். (அதற்கு முன் ஒரு மாதம் என்னோடு பேசவே இல்லை.) ஜூனில் தனிப் பட்டம் வந்தது. அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முதல் வருஷ வகுப்பில் சுடலையும் வந்து சேர்ந்தான்.

இன்றும் வீட்டில் நான் குரலை உயர்த்தி எதையாவது வற்புறுத்த ஆரம்பித்தால், இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் ஆளுக்கொரு பென்சிலோடு எதிரே வந்து வரிசையாக உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் நிறுத்துவதில்லை. எழுதட்டும்.