எண்பத்தேழாம் எண்

எட்டாம் வகுப்பில் படிப்பவர்கள் எண்பத்தாறு பேர். கணக்குப் பரீட்சை எழுதியவர்கள் எண்பத்தேழு பேர். அந்த எண்பத்தேழாவது ஆள் பெயிலும் ஆகியிருந்தான்.

கணக்கு வாத்தியார் கம்ப்யூட்டர் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்றும் மாறவில்லை. எண் 87, மதிப்பெண் 31. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும்.

ஆறு மாதமாக அவர்தான் அந்த நடுநிலைப் பள்ளியின் பொறுப்புத் தலைமையாசிரியர். கணக்கில் ஒருவர் விடாமல் தேறிவிட்டால் 'பொறுப்பு' என்ற ஒட்டு போய்விடும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். அவர் மனைவி அந்த ஒட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டுத் தன் அண்ணனிடமும் பெருமையடித்துவிட்டார். இப்போது பார்த்தால் இருக்கிற எண்பத்தாறு பேரும் தேறிவிட்டார்கள். இல்லாத ஒருவன் காலை வாரிவிட்டான்.

விடைத்தாள்களை வேறு பள்ளியில் திருத்துவார்கள். வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கக் கூடாதென்று தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் இங்கே இருந்தது. அது எண்பத்தாறோடு முடிந்துபோனது. திருத்திய தாள்கள் அரக்கு வைத்த கட்டாகத் திரும்பி வந்து பீரோவில் கிடந்தன. அதிகாரி வராமல் அதைப் பிரிக்கக் கூடாது. மதிப்பெண்ணோ நேராகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது, அழிக்கவும் வழியில்லை.

தாளில் எண் ஒட்டியது அட்டெண்டரம்மாதான். அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். மேஜையில் இருந்த தாளுக்கெல்லாம் ஒட்டினேன், ஒன்றைக்கூட விடவில்லை என்று அந்த அம்மாள் அடித்துச் சொன்னார்.

அறிக்கை அனுப்ப அன்றுதான் கடைசி நாள். ஒவ்வொரு மாணவனும் ஆணா பெண்ணா, வயது என்ன, வீட்டில் என்ன மொழி, வீடு எவ்வளவு தூரம் என்று அத்தனையும் நிரப்பினால்தான் அது நகரும். பக்கத்தில் நின்ற அறிவியல் டீச்சருக்கு இதில் குழப்பமே இல்லை.

"எதையாவது போட்டு நிரப்பி அனுப்புங்க சார். ஒரு ஆளை யாரு உக்காந்து பாக்கப் போறாங்க?"

வாத்தியார் 'ஆண்' என்று போட்டார். திரை சிவந்தது. பதிவேட்டில் ஆண்கள் நாற்பத்து நான்கு பேர்தான், நாற்பத்தைந்தாவது ஆள் எங்கிருந்து வந்தான் என்று கேட்டது. 'பெண்' என்று மாற்றினார். அதற்கும் அதே கேள்வி. பள்ளியில் ஆள் இருக்கிற கட்டம் எதிலும் கம்ப்யூட்டர் இன்னொரு ஆளை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆளே இல்லாத கட்டமென்றால் மட்டும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டது.

அந்தச் சூட்சுமம் பிடிபட்டதும் அவர் மளமளவென்று நிரப்பினார். பாலினம்: சொல்ல விருப்பமில்லை. வீட்டு மொழி: பிற. தூரம்: பத்து கிலோமீட்டருக்கு மேல். பெற்றோர்: இல்லை. வயதில் காலியாக இருந்தது ஒரே ஒரு கட்டம், 'பதினெட்டுக்கு மேல்'. அதையும் அழுத்தினார். அறிக்கை போய்விட்டது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. பேசியது கல்வி அதிகாரி. பிற மொழிக் குழந்தைகள், தூரத்திலிருந்து வருகிறவர்கள், பெற்றோர் இல்லாதவர்கள் என்று எந்தப் பிரிவை எடுத்தாலும் உங்கள் பள்ளியில் தேர்ச்சி பூஜ்யமாக இருக்கிறதே, என்னதான் நடக்கிறது என்று அந்த அம்மாள் கேட்டார். எல்லாம் ஒரே ஆள்தான் மேடம் என்று வாத்தியார் உளறிவிட்டார்.

"அப்படியா? அந்தப் பிள்ளையை இருக்கச் சொல்லுங்க. நான் கிளம்பி வர்றேன்."

ஒரு மணி நேரத்தில் அதிகாரி வந்து எதிரே உட்கார்ந்தார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, லீவு என்றார் வாத்தியார். அப்படியானால் வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம், ஜீப் இருக்கிறது என்றார் அதிகாரி. வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டதாகக் கேள்வி என்று இவர் இழுத்தார். அதிகாரி பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்தார். அது படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கானது.

பெயர் என்னவென்று கேட்டார். வாத்தியார் எண்பத்தாறு பேர் பட்டியலை மேலும் கீழும் புரட்டினார். தான் பொய் சொல்கிறோமா, அல்லது அப்படி ஒருவன் நிஜமாகவே கடைசி பெஞ்சில் இருந்து தான்தான் கவனிக்கவில்லையா என்று அவருக்கே இப்போது சந்தேகமாகிவிட்டது. அந்தப் பிள்ளையை நினைத்து உள்ளுக்குள் பாவமாகக்கூட இருந்தது.

"ஆளைத்தான் பாக்க முடியலை, எழுதினதையாவது பாக்கிறேன். கட்டை எடுங்க" என்றார் அதிகாரி.

அவரே அரக்கை உடைத்து எண்பத்தேழாம் தாளை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. 'வழிமுறை எங்கே?' என்று பதினோரு இடத்தில் எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில், 'அடிப்படையே சொல்லித்தரப்படவில்லை.'

அதிகாரி தாளை மறுபடி முதலிலிருந்து புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"விடை எல்லாமே சரி சார். ஒண்ணுக்குக்கூட வழிமுறை எழுதலை, அதான் மார்க் போச்சு. பதினெட்டு வயசுக்கு மேல ஆகியும், யாரும் இல்லாம, அவ்வளவு தூரத்துலேருந்து படிக்க வந்திருக்கு. இதைக்கூட நீங்க சொல்லித் தரலையா?"

வாத்தியார் தலையைத் தூக்கவில்லை. தப்பு என்னுடையதுதான் மேடம், இந்தப் பிள்ளை என் கண்ணில் படவே இல்லை என்று மனதாரச் சொன்னார். தலைமையாசிரியர் பதவி போனாலும் பரவாயில்லை, இனி ஒரு பிள்ளையையும் இப்படி விடமாட்டேன் என்றார்.

அதிகாரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த அட்டெண்டரம்மா, டம்ளரை வைக்கக் குனிந்தவர், தாளை எட்டிப் பார்த்தார்.

"கேள்வித்தாள் தயாரிச்ச அன்னிக்கு, நேரம் போதுமான்னு பாக்க நம்ம சாரே உக்காந்து எழுதின தாளாச்சே மேடம் இது."