பிரிகேடியரின் எதிரி

மாத்தளையில் பிறந்தவர்களிலேயே அதிகமான யுத்தங்களில் தோற்றவர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், எங்கள் பிரிகேடியர்தான். இத்தனை வருடங்களில் அவர் இழந்த யுத்த தாங்கிகளை, அதுதான் டாங்க்குகளை, வரிசையாக நிறுத்தினால் பலாபத்வலையைத் தாண்டி நாவுல வரைக்கும் போகும். அத்தனையும் காட்போட் மட்டையில் வெட்டியவை. வெட்டிக்கொடுத்த பாவி நான்.

பிரிகேடியர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. எந்தப் படையும் அவரை வாசலில்கூட நிற்க விட்டிருக்காது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. அவருடைய சொந்தக் கண்ணாடி மைனஸ் ஒன்பது. அதைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது ஆளா அலுமாரியா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார். மாரியம்மன் தேர் நாளில் வெடிச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு கடையின் பின்னறைக்குப் போய்விடுவார். இந்த மனிதர்தான், உலகத்துப் பீரங்கிகளில் எது எத்தனை கிலோமீற்றர் சுடும் என்பதை, யாரும் கேட்காமலே, பிளேன்டீ ஆறுவதற்குள் சொல்லி முடிப்பார். முடிப்பார் என்பது தவறு. ஆறிய பிறகும் சொல்வார்.

எனக்கு அதே வீதியில் போட்டோ கொப்பிக் கடை. ஊரில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அறுகோணக் கட்டங்கள் நிறைந்த ஒரு தாளைக் கொண்டுவந்து, அதைப் பெரிதாக்கி எட்டுத் துண்டாக எடுத்து ஒட்டித் தரச் சொன்னார்.

"என்னங்க நானா இது, குளவிக்கூடா?"

"இது ஒரு நாடு தம்பி. இந்தா ஈக்கிற கோடு ஆறு. இது பாலம். பாலத்தப் புடிச்சா நாடு நம்மட."

"யாரோட நாடு?"

"அது முக்கியமில்ல."

நாற்பத்தெட்டு வயதுக்காரர், முகத்தில் ஒரு சிரிப்புமில்லாமல் சொன்ன பதில் இது. நான் அன்றைக்கே கடையை வேறு ஊருக்கு மாற்றியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யுத்தம் நடக்கும். படையினர் மூன்று பேர். பிரிகேடியர், கெமிஸ்ட்ரி டியூஷன் மாஸ்டர் ஒருவர், ஆள் போதாமல் இழுத்து வரப்பட்ட நான். தாயக்கட்டையை உருட்ட வேண்டும், மட்டைக் காய்களை நகர்த்த வேண்டும், நாற்பது பக்க விதிப் புத்தகத்தைப் புரட்டிச் சண்டை போட வேண்டும். பிரிகேடியருக்குத் தெரிந்த வியூகம் ஒன்றே ஒன்று. எதிரியை இரண்டு பக்கத்தாலும் சுற்றிவளைப்பது. பெருநாளில் சொந்தக்காரரைக் கட்டிப்பிடிக்கப் போகிறவர்போல் இரண்டு கைகளையும் அகல விரிப்பார். மாஸ்டர் நடுவால் நடந்துபோய்ப் பாலத்தைப் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு ஞாயிறும் இதுதான். விதி தெரியாத நானே நான்கு தடவை நடுவால் நடந்திருக்கிறேன்.

ஒருமுறை ட்ரோன் வந்த பிறகு தாங்கிக்கு வேலை இருக்கிறதா என்ற கேள்வியில் இருவரும் முறுகிக்கொண்டார்கள். பேச்சு நின்றுபோனது. ஆனால் விளையாட்டு நிற்கவில்லை.

"மாஸ்டருக்குச் செல்லுங்க தம்பி, தாங்கி இல்லாம நெலம் புடிக்க ஏலாதுண்டு," என்று என்னிடம் சொல்லி அனுப்புவார் பிரிகேடியர். மாஸ்டர் கை எட்டும் தூரத்தில் எதிரேதான் உட்கார்ந்திருப்பார்.

"நானாகிட்ட சொல்லுங்க, கைக்குள்ள அடங்குற ட்ரோன் அம்பது டன் தாங்கிய எரிச்சுப்போடுது. வீடியோ இருக்கு, காட்டவான்னு கேளுங்க."

"வீடியோவெல்லாம் கம்பியூட்டர்ல செய்றதுண்டு செல்லுங்க."

மூன்று வாரம் நான் இந்தத் தபால் உத்தியோகம் பார்த்தேன். நாலாவது வாரம் இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள், நான் செய்தியைச் சரியாகச் சொல்லவில்லையாம்.

பெரிய ஆபத்து ஒன்றும் வந்தது. சிவப்பு அம்புக்குறிகள் போட்ட வரைபடமொன்றை மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டேன். அடுத்து வந்தவர் பொலிஸ் சார்ஜன்ட். தன் தாளோடு சேர்ந்து வந்த அதைத் தூக்கிப் பிடித்து, "இது எந்த இடம்?" என்று சிங்களத்தில் கேட்டார். இந்த நாட்டில் அம்புக்குறி போட்ட வரைபடம் வைத்திருப்பவன் என்ன பதில் சொன்னாலும் அது தப்பான பதில். பிரிகேடியரைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

வந்தவர் பயப்படுவார் என்று பார்த்தால், கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆறு, பாலம், நீலப்படை, சிவப்புப்படை, மழைக்கால விதி, தாயக்கட்டையில் ஒன்று விழுந்தால் என்ன, ஆறு விழுந்தால் என்ன. ஒன்றரை மணித்தியாலம் போனது. விசாரிக்க வந்த மனிதர் இரண்டு தடவை எழும்பப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் கேட்டார். "நான் வடக்கில் காவலரணில் நான்கு வருடம் இருந்தவன். இதில் இவர்கள் எப்போது சாப்பிடுகிறார்கள்?"

"சாப்பாடு ஏழாம் விதியில் இருக்கிறது," என்று பிரிகேடியர் பக்கத்தைப் புரட்டினார்.

சார்ஜன்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தன் தாளையும் மறந்து விட்டுவிட்டுப் போனார்.

உள்ளூரில் தோற்றது போதாதென்று, பிரிகேடியர் இன்டர்நெட்டிலும் தோற்க ஆரம்பித்தார். உலகமெங்குமுள்ள இப்படிப்பட்ட ஆட்கள் கூடிப் பேசும் ஒரு தளம் இருக்கிறது. அங்கே பனி பெய்யும் ஒரு நாட்டுக்காரன் இவருக்கு எதிரியாக வாய்த்தான். புனைபெயர் பனிக்கரடி. நகர்வுகளை ஆங்கிலத்தில் மின்னஞ்சலில் அனுப்புவார்கள். ஒரு நகர்வுக்கு ஒரு கடிதம், அதன்படி பிரிகேடியர் வீட்டு மேசைப் பலகையில் காய் நகரும். பிரிகேடியருக்குத் திரையில் வாசிக்கக் கண் பிடிக்காது என்பதால் எல்லாக் கடிதமும் என் கடையில் பெரிய எழுத்தில் அச்சாகும். பதிலையும் அவர் சொல்ல நான் தட்டுவேன். ஆகவே இரண்டு படைகளின் இரகசியமும் எனக்குத் தெரியும். இரண்டும் கேவலமாக இருந்தன.

ஆனால் இந்த முறை ஒரு விபரீதம் நடந்தது. பிரிகேடியர் வெல்ல ஆரம்பித்தார். விரித்த கைகளுக்குள் பனிக்கரடி தானாகவே வந்து மாட்டிக்கொண்டான். அவன் ஒரு காய் நகர்த்த வேண்டும், அடுத்ததில் பாலம் பிரிகேடியர் கையில். மனிதர் கடைக்குள் நடந்த நடையைப் பார்த்தால் கண்டி வரைக்கும் பிடித்துவிட்டவர்போல் இருந்தது.

அப்போதுதான் அவனுடைய நாட்டில் உண்மையான யுத்தம் வந்தது. பனிக்கரடியைப் படைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. "நாம் விவாதித்த எதையும் இங்கே காணவில்லை. குழி வெட்டுகிறோம். காலுறை காய்வதே இல்லை" என்று எழுதியிருந்தான்.

பிரிகேடியர் தாளை மூக்குக்கு அருகே பிடித்து இரண்டு தடவை வாசித்தார். பீரங்கியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"காலுறையா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அன்று பின்னேரமே சந்தைக்குப் போய் ஆறு சோடி வெள்ளைக் காலுறை வாங்கிவிட்டார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது. உறைபனிக்கு இது எதற்கு என்று கேட்டேன். மாத்தளையில் இதைவிடத் தடிப்பாக இல்லையாம். என்னையும் இழுத்துக்கொண்டு தபாற்கந்தோருக்குப் போனார்.

"யாருக்கு அனுப்புறீங்க?" என்று கேட்டார் உள்ளே இருந்த அம்மா.

"கூட்டாளிக்கு."

"பேரு?"

பிரிகேடியர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"பனிக்கரடி," என்றார்.

"அட்ரஸ்?"

அதுவும் இல்லை. மூன்று வருடம் சண்டை பிடித்த எதிரியின் பெயரோ ஊரோ இந்த மகா புத்திசாலிக்குத் தெரியாது. அந்த அம்மா பார்சலைத் திருப்பித் தள்ளிவிட்டு, "அடுத்தவங்க வாங்க," என்றார்.

அதற்குப் பிறகு இன்னும் ஒரே ஒரு கடிதம் வந்தது. "என் முறை பாக்கி இருக்கிறது. பலகையைக் கலைத்துவிடாதே. ஒரு நல்ல நகர்வு யோசித்து வைத்திருக்கிறேன்." அவ்வளவுதான். மாதங்கள் போயின.

மாஸ்டர் விதிப் புத்தகத்தோடு வந்தார். "முப்பது நாள் நகர்த்தலன்னா தோத்ததாத்தான் கணக்கு நானா. நீங்க ஜெயிச்சிட்டீங்க. கலைச்சுப்போட்டு புதுசா ஒண்ணு ஆரம்பிப்போம்."

"அவன்ட முறை பாக்கி ஈக்கி," என்றார் பிரிகேடியர்.

"விதி எழுதியிருக்குதே."

"அவன்ட முறை ஈக்கி மாஸ்டர்."

பலகை சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. வீட்டார் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிரிகேடியரின் மனைவியை நாங்கள் ராத்தா என்போம். பொறுமைசாலி. ஆனால் உக்குவளையிலிருந்து மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்த நாளில் அந்தப் பொறுமை முடிந்தது.

"வாரவங்கள எங்க உக்கார வெக்கிற, ஆத்துக்கு அந்தப் பக்கமா?" என்று கேட்டார் ராத்தா. "நாளைக்கி இந்த மேச இங்க ஈக்கக் கூடாது. ஈந்தா, அந்த நாட்டச் சுருட்டி அடுப்புல வெச்சிடுவேன்."

காய்களை எடுத்து ஒரு பெட்டியில் போட்டால் போயிற்று. ஆனால் கலைத்துவிடாதே என்று எதிரி சொல்லியிருக்கிறானே. ஆகவே மேசையை, பலகையும் காய்களும் மேலே இருக்க, அப்படியே என் கடைக்குத் தூக்கிப்போவது என்று முடிவாயிற்று. யாருடைய முடிவு என்று கேட்காதீர்கள், என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் மாஸ்டரும், சலூன்காரரும், அவருடைய மச்சானும் ஆளுக்கொரு காலைப் பிடித்தோம். தூறல் விழுந்தது. பிரிகேடியர் குடை விரித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். குடை எங்களுக்கல்ல. எங்கள் தலையில் மழை, மட்டைத் துண்டுகளுக்கு மேலே குடை.

"எடது பக்கம் ஒசத்துங்க. மெல்ல. மெல்ல."

அவருடைய வாழ்க்கையிலேயே அவர் சொன்னபடி நடந்த ஒரே படை நாங்கள்தான். அதுவும் பிரதான வீதி வரைக்கும்தான். கண்டி பஸ் ஒன்று பின்னால் வந்து ஹோர்ன் அடிக்க, சலூன்காரர் துள்ளினார். மேசை சரிந்தது. பனிக்கரடியின் தென்பகுதிப் படை முழுவதும் ரோட்டில் கொட்டி, பாதி வடிகாலுக்குள் போனது.

பிரிகேடியர் குடையைப் போட்டுவிட்டு முழங்காலில் விழுந்தார். கண்ணாடியில் மழை. கையால் தடவித் தடவித் தேடினார். பஸ் நின்றது, அதற்குப் பின்னால் லொறி நின்றது, த்ரீவீல்கள் நின்றன. ட்ரைவர் தலையை நீட்டி, "என்ன விழுந்திச்சு, தங்கமா?" என்று கேட்டார்.

"ஒரு படைப்பிரிவு," என்றார் மாஸ்டர்.

எனக்கு அவமானமாக இருந்தது. தெரிந்தவர்கள் எல்லாரும் கடை வாசல்களில் நின்று பார்க்கிறார்கள். இந்தக் கிறுக்கரை யாரென்றே தெரியாதவன்போல் நடந்துபோய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி, செவப்பு, நாலாம் நம்பர காணல்ல. கொஞ்சம் பாருங்களேன்," என்றார் அவர், கீழே இருந்தபடியே.

நான் வடிகாலுக்குள் முழங்கைவரை விட்டேன். நாலாம் நம்பர் அங்கேதான் இருந்தது.

கடையில் வைத்து, காய்களைத் துடைத்து, ஒவ்வொன்றாக அடுக்கினார். எந்தக் கடிதத்தையும் பார்க்காமல், நினைவிலிருந்தே. மாஸ்டர் பழைய கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை. எதிரியின் காய் ஒன்றைத் தனக்குச் சாதகமாக ஒரு கட்டம் தள்ளி வைத்திருந்தாலும் கேட்பார் யாருமில்லை. அந்தப் புத்தியும் அவருக்கு இல்லை.

மேசை இன்றும் என் கடையில், கொப்பி மெஷினுக்கும் லெமினேட் மெஷினுக்கும் நடுவில், வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு ஜும்மா தொழுகை முடிந்ததும் பிரிகேடியர் வருவார்.

"ஏதாச்சும் வந்திச்சா தம்பி?"

"இல்லங்க நானா."

பலகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார், போவார். அந்தக் கேள்வியையும் என் பதிலையும் ஒரு வருடத்துக்கு மேல் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால் ஒரு வேலை செய்தேன். பனிக்கரடி எழுதியதுபோல் நானே ஒரு கடிதம் தட்டினேன். நலமாக இருக்கிறேன், இதோ என் நகர்வு என்று. பாலத்தைத் திறந்துவிடுகிற மாதிரி ஒரு காயை நகர்த்தி, பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்தேன். வென்று தொலையட்டும், மேசையைத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்றுதான்.

வெள்ளிக்கிழமை தாளை நீட்டினேன். மூக்குக்கு அருகே பிடித்து வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

"இங்கிலீஷ் நல்லா ஈக்கி தம்பி," என்றார்.

நான் மெஷினுக்குத் தாள் போடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"அவனுக்கு ஸ்பெல்லிங் வராது. ஒரு கடிதத்துல ஏழு பிழ உடுவான்." தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளவில்லை. "பாலத்தையும் இப்புடி உட்டுட்டுப் போற ஆளில்ல அவன். வாற வெள்ளி வாரேன்."

இன்னும் கடிதம் வரவில்லை. பிரிகேடியர் வந்துகொண்டுதான் இருக்கிறார், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், அந்தப் பீரங்கிக் கதைகளையும் விட்டபாடில்லை. நான் மற்ற நாட்களில் பன்னிரண்டரைக்குக் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகிறவன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சாத்துவதில்லை.