பிரேக் மாஸ்டர் இருமிய வாக்குச்சாவடி

“இப்ப எதுக்கு இருமினீங்க?” வாளிக் கட்சி ஏஜென்ட் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

இருமியவர் பிரேக் மாஸ்டர். கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளியில் வாத்தியார். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு “பார்த்து, பார்த்து” என்று கத்துவதுதான் அவர் பிழைப்பு. அப்பேர்ப்பட்டவர் கழுத்தில் ‘குடிமக்கள் பார்வையாளர்’ என்று அட்டையை மாட்டி, வாயே திறக்கக் கூடாது என்று உட்கார வைத்தால் மனுஷன் என்னதான் செய்வார், பாவம். ஒரு பெரியவர் வாக்குச்சீட்டை மடிக்காமலே பெட்டிக்குக் கொண்டுவந்தார். தொண்டை வரை வந்துவிட்ட “பார்த்து”வை மாஸ்டர் இருமலாக மாற்றினார். அவ்வளவுதான்.

“தொண்டை கமறுது சார்.”

“இருமினா சீப்புச் சின்னத்துக்குக் குத்துன்னு அர்த்தமா?”

போன தேர்தலில் இதே அறையில்தான் பெட்டிக்குள் கட்டுக்கட்டாகக் கள்ள ஓட்டு விழுந்தது. யார் வேலை என்று பிடிபடவில்லை. தேர்தல் ரத்தாகி இப்போது இடைத்தேர்தல். இந்தத் தடவையும் நாறிப்போனால் இந்த அறையின் ஓட்டு மொத்தமும் செல்லாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால்தான் பார்வையாளர் சங்கம் இரண்டு பேரை அனுப்பியிருந்தது. இன்னொருவர் ஒரு பெண். காலையிலிருந்து மூலையில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார். ‘இந்தம்மாவை நம்பி என்ன ஆகப்போகுது, எல்லாம் என் தலையில’ என்று மாஸ்டர் நொந்துகொண்டார்.

இனி இருமல் வரக் கூடாதென்று கைக்குட்டையை எடுத்து வாயில் பொத்தினார். கைக்குட்டை ஊதா நிறம்.

“எங்க கொடி கலர்ல கைக்குட்டையைக் காட்டி எங்களை மாட்டிவிடப் பார்க்கிறீங்களா?” இப்போது சீப்புக் கட்சி ஏஜென்டும் எழுந்தார்.

“இது என் சம்சாரம் வாங்கினது சார்.”

“அப்போ சம்சாரமும் உடந்தை,” என்றார் வாளி.

கைக்குட்டை பைக்குள் போயிற்று. பைக்குள் என்ன இருக்கிறது என்று இருவரும் எட்டிப் பார்த்தார்கள். வெளியில் எடுத்த கையை எங்கே வைப்பதென்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. இதற்குள் ஓட்டுப் போட வந்த ஒரு பெண் பெட்டியில் முட்டிக்கொள்ளப் போக, மாஸ்டரின் வலது கால் தானாகவே இல்லாத பிரேக்கை மிதித்தது. தரை அதிர்ந்தது.

“இப்ப கால்ல சைகை,” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

வம்பே வேண்டாமென்று மாஸ்டர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

தலைமை அதிகாரி அருகில் வந்தார். “பார்வையாளர்னு வந்துட்டுச் சுவரைப் பார்த்தா எப்படி? வெளியில வரிசையில நிக்கிறவங்க, நீங்க தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்றீங்கன்னு கிளம்புறாங்க.”

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். வரிசையின் வால் நிஜமாகவே கலைந்துகொண்டிருந்தது. போச்சு, மானம் போச்சு. அட்டை பறக்க வெளியே ஓடினார்.

“அப்படியே நில்லுங்க. ரிவர்ஸ் வாங்க. மெதுவா, மெதுவா, லைனுக்குள்ள வாங்க.”

சனம் பயந்துபோய் பின்பக்கமாகவே நடந்து வரிசைக்கு வந்தது. ஏஜென்டுகள் இருவரும் துரத்திக்கொண்டு வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் எந்தக் கட்சிக்குச் சைகை காட்டினார் என்ற சண்டை வாக்குப்பதிவு முடியும் வரை வாசலிலேயே நடந்தது. கடைசியில் அதிகாரி வந்து அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். மாஸ்டர் படியில் உட்கார்ந்தார். அழுகை முட்டியது.

உள்ளே பெட்டிக்குச் சீல் வைத்தார்கள். அப்போதுதான் மூலையிலிருந்த பெண் கண்ணைக் காட்ட, வாசல் போலீஸ்காரர் இரண்டு ஏஜென்டுகளையும் நிறுத்திச் சட்டைக்குள் கையை விட்டார். இருவரிடமிருந்தும் கட்டுக்கட்டாகக் கள்ள வாக்குச்சீட்டு வந்தது. பிரிக்கவே படாத கட்டுகள்.

மாஸ்டர் வாயைப் பிளந்தார். அந்தப் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நாள் முழுக்கப் பேசாதவர் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

“நான் ஆஸ்பத்திரில ரத்தம் எடுக்கிறவ அண்ணே. ஊசி குத்தறப்போ ஆளு வேற பக்கம் பார்க்கணும். அதான், பயிற்சி வகுப்புல நீங்க நெளிஞ்சதைப் பார்த்ததும், இவங்க கண்ணை இழுக்க இவர்தான் எனக்கு ஜோடின்னு சங்கத்துல கேட்டு வாங்கினேன்.”